அணையைத் தாழ்த்தியவர் எவர்? கதையில் உயர்ந்தவர் எவர்?

பேரழிவு வந்துற்றால் அது செல்வன் என்றும் வறியன் என்றும் பார்ப்பதில்லை என்று கூறுவோர் உளர். வெள்ளத்துக்கு மாளிகையும் குடிசையும் ஒன்றே என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆனால் வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை. மழை பெய்வது இயற்கையின் செயல். அம்மழை நீர் எங்கே தேக்கப்படுகிறது, எவருடைய விருப்பத்துக்காகத் தேக்கப்படுகிறது, கட்டு உடைந்தால் அது எவர் தலைமேற் பாயும் என்பனவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் மனிதர். அவருள்ளும் பணமும் செல்வாக்கும் படைத்த ஒரு சிலரே தீர்மானிக்கின்றனர்.

இதனை இன்று நாம் எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 1889ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜோன்ஸ்ரவுண் என்னும் இரும்பாலை நகரம் வெள்ளத்தில் அழிந்தது. அந்த அழிவை வைத்து அண்மைக் காலத்தில் வரலாற்று நாவல்கள் எழுந்துள்ளன. கத்லீன் காம்போர் என்பார் 2001இல் ஒன்றும், மேரி ஹோகன் என்பார் 2016இல் ஒன்றும் வெளியிட்டனர். பிந்திய நாவல் இரு காலங்களில் நடக்கிறது. ஏரிக்கரையிற் கோடையைக் கழிக்கும் செல்வக் குடும்பத்துப் பெண் ஒருத்தி. நூறாண்டுக்கும் மேலாகக் கழிந்த பின், தத்தெடுத்து வளர்க்கப்பட்ட இளம்பெண் ஒருத்தி. அழிவின் நடுவே நிற்கும் ஒரு பெண்ணின் புகைப்படத்தைக் கண்டு பின்னவள் தன் குலமூலத்தைத் தேடிப் புறப்படுகிறாள். பேரழிவு, வர்க்கச் செருக்கு, குடும்பத்தின் அடையாளம் ஆகிய மூன்றும் ஒரே கதையிற் பின்னிக் கிடக்கின்றன. இத்தகைய கதைகளை நாம் எவ்வாறு படித்தல் வேண்டும்? விடை காண்பதற்கு முன் நடந்தது யாது என்பதை அறிந்துகொள்வோம்.

குளத்தின் வரலாறு

ஜோன்ஸ்ரவுணுக்கு மேலே பதினான்கு மைல் தொலைவில், மலையிடுக்கில், சவுத் போர்க் என்னுமிடத்தில் மண்ணாலும் கல்லாலும் ஓர் அணை எழுப்பப்பட்டிருந்தது. அதன் உயரம் 72 அடி. நீளம் 900 அடிக்கு மேல். மாநில அரசாங்கம் கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் வழங்குவதற்காக அதனைக் கட்டியது; 1853இல் வேலை முடிந்தது. அதற்குள் புகையிரதப் பாதை வந்துவிட்டபடியால் கால்வாயாற் பயனில்லாது போயிற்று. அணையைப் புகையிரதக் கம்பனி வாங்கிற்று; பின் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1862இல் அதன் ஒரு பகுதி உடைத்தது. குளத்தில் அன்று நீர் குறைவாக இருந்தமையாற் பெருந்தீங்கு விளையவில்லை. 1875இல் அதனை வாங்கிய காங்கிரஸ் அங்கத்தவர் ஒருவர், அணையின் அடியில் நீரை வெளியேற்றுவதற்கென அமைந்திருந்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்.

குளமும் வயலுமாக வாழும் நம் விவசாயிகளுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. துருசு இல்லாத குளம் கட்டுக்கடங்காத குளம். நீர் மட்டம் ஏறினால் இறக்குவதற்கு வழியில்லை. வான் பாய்வது ஒன்றே கதி. அந்த வானும் அடைபட்டால்?

1879இல் பெஞ்சமின் றவ் என்பவர் அவ்விடத்தை வாங்கிச் செல்வந்தருக்கான மீன்பிடி, வேட்டைக் கழகம் ஒன்றை நிறுவினார். பிற்ஸ்பேர்க் நகரின் இரும்பு, நிலக்கரி, வங்கி முதலாளிகள் அதில் அங்கத்தவராயினர். அண்ட்ரூ கார்ணகி, ஹென்றி கிளே பிறிக், அண்ட்ரூ மெலன், சட்டத்தரணி பிலாண்டர் நொக்ஸ் ஆகியோர் அவருட் சிலர். அங்கத்தவர் தொகை ஏறத்தாழ 60 மாத்திரமே. ஏரிக்கரையில் 47 அறைகள் கொண்ட மாளிகையும் பதினாறு கோடை இல்லங்களும் எழுந்தன. நீரில் உல்லாசப் படகுகள் மிதந்தன. வாங்கி விடப்பட்ட மீன்கள் துள்ளின.

இருவர் வண்டி எதிரெதிரே செல்வதற்காக

அணையிலிருந்த உடைப்பை மண்ணும் மரக்கிளையும் வைக்கோலும் இட்டு அடைத்தனர். அகற்றப்பட்ட குழாய்களுக்குப் பதிலாகப் புதியன இடப்படவில்லை. குளக்கட்டின் மேல் இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே செல்லத்தக்க அகலம் வேண்டும் என்பதற்காகக் கட்டின் உச்சி சில அடி தாழ்த்தப்பட்டது. விலை கொடுத்து வாங்கிய மீன் தப்பிப் போய்விடலாகாது என்பதற்காக நீர் பாயும் வானின் குறுக்கே இரும்புத் தட்டிகள் நிறுத்தப்பட்டன. சவாரியின் சுகம் ஒன்று, தூண்டிற்காரரின் சுகம் ஒன்று என இரண்டு சிறு சுகங்களுக்காகவே இவ்வளவும் செய்யப்பட்டன.

ஆபத்தை எவரும் அறியார் என்று சொல்வதற்கில்லை. ஜோன்ஸ்ரவுணில் இயங்கிய கம்பிறியா இரும்புக் கம்பனியின் தலைவர் டானியல் மொறெல், 1880இல் ஜோன் புல்ற்றன் என்னும் பொறியியலாளரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். நீரை வெளியேற்றக் குழாய் இல்லை, பழைய உடைப்பு சரிவரத் திருத்தப்படவில்லை, நீர் கசிகிறது என்று புல்ற்றன் எழுதினார். உங்களுக்கு எங்களால் ஆபத்தில்லை என்று றவ் பதில் அனுப்பினார். திருத்த வேலைக்குச் செலவில் ஒரு பங்கைத் தாமே தருவதாக மொறெல் கூறினார், அதுவும் ஏற்கப்படவில்லை. பின்னர் மொறெல் தாமும் அக்கழகத்தில் அங்கத்தவராகச் சேர்ந்தார். உள்ளே நின்று கண்காணிக்கலாம் என்று எண்ணினார் போலும். 1885இல் அவர் காலமானார். எச்சரிக்கை அவரோடு அடங்கிற்று.

1889 மே இறுதியில் அடைமழை பெய்தது. 31ஆம் நாள் காலை குளம் கட்டின் விளிம்பை எட்டிற்று. கழகத்துக்குக் கழிவுநீர்க் கான் வெட்ட வந்திருந்த இத்தாலியக் கூலியாட்களைக் கொண்டு கட்டை உயர்த்தவும் வேறொரு வான் வெட்டவும் முயன்றனர். மீன் தட்டிகளை அகற்ற முற்பட்டபோது அவை குப்பை கூளத்தால் இறுகிக் கிடந்தன. இளம் பொறியியலாளரான ஜோன் பார்க் குதிரை ஏறிச் சவுத் போர்க் ஊருக்கு விரைந்து எச்சரித்தார். தந்திகளும் பறந்தன. ஆயினும் ஆண்டுதோறும் 'அணை உடைக்கப் போகிறது' என்ற பேச்சைக் கேட்டுப் பழகிய நகரம் அதனைப் பொருட்படுத்தவில்லை. தெருக்களில் ஏற்கனவே ஆற்று வெள்ளம் ஏறியிருந்தது; போக நினைத்தவர்க்கும் வழி எளிதாக இருக்கவில்லை. பிற்பகல் மூன்று மணியளவில் அணை உடைத்தது. நான்கு மணி கடந்து சில நிமிடங்களில் வெள்ளம் ஜோன்ஸ்ரவுணை அடைந்தது. வீடுகளையும் மரங்களையும் புகையிரத எஞ்சின்களையும் முட்கம்பிச் சுருள்களையும் உருட்டிக்கொண்டு, முப்பத்தைந்து அடிக்கு மேற்பட்ட சுவராக அது வந்தது. நகரின் கீழ்ப்புறத்துக் கற்பாலத்தில் அடைந்து நின்ற சிதைவுகளில் தீப் பற்றியது. நீருக்குத் தப்பியவருட் சிலர் நெருப்புக்கு இரையாயினர்.

மாண்டோர் 2,200க்கு மேல். 99 குடும்பங்கள் ஒருவரும் எஞ்சாது அழிந்தன. 777 பேர் இன்னார் என்று அறியப்படாமலே, பெயரெழுதாத கற்களின் கீழ் அடக்கஞ் செய்யப்பட்டனர். 1986 ஏப்ரில் 20ஆம் நாள் கந்தளாய்க் குளம் உடைத்ததை அறிந்த நம்மவர்க்கு இந்த எண்களின் கனம் தெரியும்.

சட்டம் யார் பக்கம்?

இதன் பின் நடந்தது நம் நியாயவாதிகள் கருத்திற்கொள்ளத்தக்கது. கழகத்தின் மேல் வழக்குகள் தொடரப்பட்டன. கழகத்தின் பேரில் இருந்த சொத்தோ சொற்பம். அங்கத்தவரின் செல்வம் வேறு, கழகத்தின் செல்வம் வேறு என்று சட்டம் பிரித்துவைத்திருந்தது. கழகத்துக்காக நின்றவர்கள் அங்கத்தவராகிய நொக்ஸ் முதலியோரின் சட்ட நிறுவனத்தினர். இது தெய்வச் செயல் என்பதே வாதம். தீர்ப்பின் மூலம் ஒரு காசேனும் ஓர் அங்கத்தவரிடமிருந்து பெறப்படவில்லை.

இங்கிலாந்தில் 1868இலேயே, றைலண்ட்ஸ் எதிர் பிளெச்சர் என்ற வழக்கில், தன் நிலத்தில் ஆபத்தான அளவு நீரைத் தேக்குபவன் அது வெளியேறி அயலானுக்கு இழைக்கும் தீங்குக்குப் பொறுப்பாளி என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருந்தது. ஆலை முதலாளியின் நீர்த்தேக்கம் உடைத்து அயலிலிருந்த சுரங்கத்தை நிரப்பிய வழக்கு அது. பென்சில்வேனியா நீதிமன்றங்கள் அந்த நெறியைத் தழுவவில்லை. ஜோன்ஸ்ரவுண் அழிவுக்குப் பின்னரே அமெரிக்க மாநிலங்கள் பல அதன்பால் திரும்பலாயின. சட்டம் கண் திறந்தது. செத்தவர் கண் மூடிய பிறகு.

பொறியியலாளர் சங்கமும் விசாரணை நடத்திற்று. 1891இல் வெளியான அறிக்கை, அணையைத் தாழ்த்தாமல் இருந்திருந்தாலும் அது உடைத்தே இருக்கும் என்று கூறிற்று. நூறாண்டுக்கு மேலாக அவ்வார்த்தை செல்வருக்குக் கவசமாயிற்று. 2016இல் வெளியான நீரியல் ஆய்வொன்று அளவுகளைப் புதிதாகக் கணக்கிட்டு, முதலிற் கட்டியவாறே அணையைப் பேணியிருந்தால் அன்றைய வெள்ளத்தை அது தாங்கியிருக்கக்கூடும் என்று காட்டியது. பொறியியற் கணக்கிற்கூட உண்மை வெளிவர 125 ஆண்டுகள் சென்றன என்றால், கதைக் கணக்கில் எத்தனை ஆண்டுகள் செல்லும்?

தருமமும் கடனும்

அழிவு நிகழ்ந்த அதே சமயத்தில், 1889 யூன் மாதத்தில், செல்வம் என்ற பொருள் பற்றிக் கார்ணகி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வெளியாயிற்று. செல்வன் தன் செல்வத்துக்கு ஊர் மக்கள் சார்பில் தருமகர்த்தா போன்றவன் என்பது அதன் சாரம். அவர் அழிந்த நகரத்துக்கு நூல்நிலையம் கட்டிக் கொடுத்தார். கழகம் ஆயிரம் கம்பளிப் போர்வைகளை அனுப்பிற்று. உலகெங்கிலுமிருந்து 37 இலட்சம் டொலருக்கு மேல் நன்கொடை குவிந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளாரா பார்ட்டன் 67 வயதில் வந்து ஐந்து மாதங்கள் தங்கிப் பணி புரிந்தார்.

நாம் தருமத்தை இகழ்வோர் அல்லோம். ஆனால் தருமம் வேறு, கடன் வேறு. கொடுப்பவன் விரும்பினாற் கொடுப்பது தருமம். விரும்பாவிடினும் கொடுக்க வேண்டியது கடன். கடனைத் தருமமாக மாற்றிக் கொடுப்பவன் இரட்டை இலாபம் பெறுகிறான்; கொடுத்த தொகை குறைகிறது, கிடைத்த புகழ் கூடுகிறது. கார்ணகி கட்டிய அந்த நூல்நிலையக் கட்டிடத்திலேயே இன்று வெள்ள அழிவின் நூதனசாலை அமைந்திருக்கிறது. செத்தவரின் நினைவு கூட அணைக்கு உடையவர் ஒருவரின் கூரையின் கீழேயே குடியிருக்க வேண்டியதாயிற்று.

கோவலனைக் கொன்றது தவறு என்று கண்ணகி நிறுவியபோது பாண்டியன் நூலகம் கட்டித் தருவதாகச் சொல்லவில்லை. தன் தவறென உணர்ந்தான், உயிர் துறந்தான். உயிர் துறக்குமாறு நாம் எவரையும் கேட்கவில்லை. தவறு எவருடையது என்று அவையில் ஒப்புக்கொள்ளும் அந்த ஒரு சொல்லே அரச நீதி என்பதை இளங்கோ நமக்குக் காட்டினார்.

கதாசிரியர் செய்வது என்ன?

இப்போது நாவலுக்கு வருவோம். அழிவைப் பற்றிய கதைகளிற் பெரும்பாலானவற்றுக்கு ஏன் செல்வர் வீட்டுப் பெண்ணே கதாநாயகி? இதற்குக் காரணம் எளிது. செல்வர் வீட்டிற் கடிதங்கள் உண்டு, நாட்குறிப்புகள் உண்டு, புகைப்படங்கள் உண்டு. உடையும் விருந்தும் படகுச் சவாரியும் வருணிக்கத்தக்கவை. உருக்காலையில் நாள் முழுதும் வெந்து வீடு திரும்பும் வெல்ஷ்காரனுக்கும் ஜேர்மன்காரனுக்கும் அத்தகைய ஏடு ஏது? இருந்த ஒன்றிரண்டு படங்களையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. ஆகவே கதாசிரியர் ஏடு கிடைக்கும் இடத்தை நோக்கி ஏறுகிறார். வாசகரின் கண்ணும் அவருடன் மலையேறி ஏரிக்கரையில் தங்கிவிடுகிறது.

செல்வர் வீட்டுப் பெண் மனந்திரும்பி அழிந்த நகரத்துக்கு இறங்கி வருவது நற்கதை அன்றோ என்று கேட்கலாம். ஆம், நற்கதையே. கண்டிராத துன்பத்தை வாசகனுக்குக் காட்ட, அதனைக் கண்டிராத ஒருத்தியின் கண் உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவளது கண்ணீரோடு கதை முடிந்துவிடுமாயின், 2,200 உயிர்கள் ஒருத்தியின் மனப்பக்குவத்துக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவையாகிவிடும். மனம் திருந்துவது அவளுக்கு நன்று. கட்டு எவ்வாறு தாழ்ந்தது, குழாய் எங்கே போயிற்று, தட்டியை யார் வைத்தார் என்ற கேள்விகளுக்கு அவளது கண்ணீர் விடையாகாது.

பழி ஒரு பக்கத்தில் மாத்திரம் உளது என்று எழுதுவதும் வரலாறு ஆகாது. கம்பிறியாக் கம்பனியே ஆலைக் கழிவுகளைக் கொட்டி ஆற்றின் கரைகளை ஒடுக்கிற்று. சுற்றியிருந்த மலைகளின் காடுகள் வெட்டப்பட்டன. அழிவுக்குப் பின் பத்திரிகைகள் சில, பிணங்களில் ஹங்கேரியர் நகை பறித்தனர் என்று பொய்க்கதை கட்டின. வறிய குடியேறிகளின் மேல் பழி போடுவது அன்று எவ்வளவு எளிதாயிருந்தது! அணையைத் தாழ்த்தியவர்களை முதலில் நாடாமற் பிணம் பொறுக்கியவன் எவன் என்று தேடிய எழுதுகோல்களையும் கதாசிரியர் மறத்தலாகாது.

குலப்பெயர் எனும் முதுசொம்

குடும்ப அடையாளம் என்பது இக்கதைகளின் உயிர்நாடி. நான் எவருடைய பிள்ளை என்ற கேள்வி நம்மவர்க்குப் புதியதன்று. பெயரோடு காணியும், காணியோடு கோவிற் காளாஞ்சியும், அவற்றோடு சாதிச் செருக்கும் இறங்கிவரும் சமுதாயத்தில் நாம் வாழ்கிறோம். ஆனால் முதுசொம் என்பது சொத்து மாத்திரமா? தந்தையின் காணியை ஏற்பவன் அதன் மேலுள்ள ஈட்டையும் ஏற்க வேண்டும் என்பது நம் உறுதிகளை எழுதும் நொத்தாரிசுமார் அனைவரும் அறிந்த நீதி. பாட்டனின் மாளிகையை நினைந்து பெருமிதம் கொள்ளும் பேரன், அம்மாளிகைக்கு எதிரேயிருந்த குளக்கட்டையும் நினைத்தல் கடன். வேரைத் தேடுபவர் மண்ணையும் தோண்டியே ஆக வேண்டும்.

மறுபுறத்தில், வேரோடு பறிக்கப்பட்டவரின் கதை உளது. அன்று பதினாறு வயதினரான விக்ரர் ஹைசர் என்பவர் தொழுவத்தின் கூரையேறித் தப்பினார். அவர் கண்முன்னே வீடு நொருங்கிற்று; தாயும் தந்தையும் மாண்டனர். பின்னர் அவர் வைத்தியரானார். கீழைத்தேயங்களிற் குட்டநோய், பெருநோய்களுக்கு எதிரான சுகாதாரப் பணியில் வாழ்நாளைச் செலவிட்டார். 1916இல் இலங்கைத் தோட்டங்களில் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது அந்நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவுக்குக் கீழைத்தேயப் பணிப்பாளராக இருந்தவர் இதே ஹைசரே. செருப்பின்றி மண்ணில் நடந்து, மலசலகூடமற்ற லயன்களில் வாழ்ந்த நம் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய நோய் அது. மேலே வங்களாவும் கீழே லயனும் அமைந்த அந்த மலைச்சாரலைக் கண்டபோது, மேலே ஏரியும் கீழே ஊருமாயிருந்த தம் பிறப்பிடம் அவர் நினைவில் எழுந்திராதா? இத்தகையவரைக் கதாநாயகராக்கி நாவல் எழுத எவருக்கும் தோன்றாதது ஏன் என்பதே நம் வினா.

நம் கடமை

ஆகவே பேரழிவை எழுத முனைவோரிடம் நாம் மூன்று கேட்கின்றோம். முதலாவது, கட்டைத் தாழ்த்திய கையைக் கதையிற் காட்டுங்கள். இயற்கையின் பின்னே அதனை ஒளிக்காதீர்கள். இரண்டாவது, பெயரற்ற 777 கற்களில் ஒன்றுக்கேனும் ஒரு பெயரும் ஒரு வீடும் ஓர் உழைப்பும் கற்பனையாற் கொடுங்கள். வரலாற்று நாவலுக்கு அதனினும் உயர்ந்த பணி இல்லை. மூன்றாவது, பெருங்குடிப் பிறப்பைத் தேடிச் செல்லும் பாத்திரத்துக்குப் பெருமையை மாத்திரம் பரிசளிக்காது, கடன் பத்திரத்தையும் கையில் கொடுங்கள்.

வாசகரிடமும் ஒன்று கேட்போம். நம் பிள்ளைகள் பொறியியலாளராகவும் சட்டத்தரணிகளாகவும் கற்றுவருகின்றனர். அது நமக்குப் பெருமை. ஆனால் இந்தக் கதையில் இருவகைக் கல்வியாளர் உளர். கசியும் கட்டைக் கண்டு உள்ளதை உள்ளபடி எழுதிய புல்ற்றனும் கற்றவரே. உடைத்த கட்டுக்காக வாதாடிய நொக்ஸும் கற்றவரே. அவர் பின்னர் சட்டமா அதிபராகவும் வெளிநாட்டு மந்திரியாகவும் உயர்ந்தார். புல்ற்றனின் அறிக்கை பெட்டியில் உறங்கிற்று. நம் பிள்ளைகள் இருவருள் எவரைப் போல் ஆவர் என்பது பல்கலைக்கழகத்தில் தீர்மானிக்கப்படுவதன்று. நம் வீட்டுத் திண்ணையில், நாம் எவரைப் புகழ்கிறோம் என்பதிலே தீர்மானிக்கப்படுகிறது.

வயலில் நிற்பவனுக்குக் குளக்கட்டின் நிலை தெரியும். அதனைக் கேட்கும் காது மேலே இருத்தல் வேண்டும். அக்காதை அங்கே அமர்த்துவது கற்றோர் கடன். கேளாத காதைக் கேட்கச் செய்வது மக்கள் கடன்.